கடவுளுக்குப் பத்து நாள் கெடு

எங்கள் கட்டட வேலையிடத்தில் என் அக்கா கணவருக்குக் கொக்கி என்று பெயர். கிரேன் தூக்க வேண்டிய சரக்கைக் கம்பிவடம் போட்டுக் கட்டி, கொக்கியில் மாட்டி, கையசைத்து மேலே அனுப்புவது அவர் வேலை. பதினெட்டு வருடம் அதைச் செய்தார். என் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போனது அவரால்தான். அதனால் இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். கோபம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் பாதிக்கு மேல் அவர்மேல் இல்லை.

மாமாவுக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஆசை. கிரேன் உச்சியில் இருக்கிற அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வேண்டும். இந்தக் கொக்கி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அண்ணாந்து பார்த்தாராம். வெயில் பட்டு அந்தக் கூண்டு மட்டும் பளீரென்று இருந்ததாம். ‘அது உன் இடம்’ என்று யாரோ உள்ளுக்குள் சொன்னார்களாம். அந்த யாரோ கடவுள்தான் என்பதில் மாமாவுக்குத் துளிகூடச் சந்தேகம் கிடையாது. எனக்கு அன்றிலிருந்து இன்றுவரை சந்தேகம்தான். கண் கூசினால் மனிதனுக்கு என்னென்னவோ தோன்றும்.

அவர் கடவுளோடு பேசுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். கையெல்லாம் கூப்ப மாட்டார். மேஸ்திரியிடம் நிலவரம் சொல்கிற மாதிரி, பல் தேய்த்துக்கொண்டே, பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே பேசுவார். “இன்னிக்குக் காத்து அதிகமா இருக்கு, பாத்துக்கோங்க.” அவ்வளவுதான் பிரார்த்தனை. எதற்கும் கடவுளுடைய உத்தரவு வேண்டும். சரக்குக் கிடங்குக்குப் பொறுப்பாளராகப் போகிறாயா என்று கம்பெனியில் ஒருமுறை கேட்டார்கள். நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. மூன்று நாள் கடவுளிடம் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

“ஏன் மாமா?” என்றேன்.

“மேல போன்னுதான் சொல்லியிருக்காரு மாப்ள. பக்கவாட்டுல போன்னு சொல்லலையே.”

அக்கா அன்றைக்கு அவருக்குத் தட்டை வைத்த வேகத்தில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது.

மேலே போகிற வழியும் லேசில் திறக்கவில்லை. முதல் தடவை விண்ணப்பம் போட்டார், கம்பெனியே மூடிப்போயிற்று. இரண்டாம் தடவை, பழைய ஆபரேட்டரின் தங்கை மகனுக்கு அந்த இடம் போயிற்று. மூன்றாம் தடவை இவருடைய காகிதங்களையே தொலைத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் கொதித்தேன். அவர் கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, “இன்னும் நேரம் வரலை” என்பார். அந்தப் பொறுமையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “உங்க கடவுளுக்குக் கடிகாரம் பாக்கத் தெரியாதா?” என்று ஒருநாள் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நான் சொன்னதைப் பெரிய நகைச்சுவையாக நினைத்து, வேலையிடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

நானும் அதே வேலைதான். அவர் கட்டுவார், நான் வாக்கி-டாக்கி வைத்துக்கொண்டு மேலே இருப்பவருக்கு வழி சொல்வேன். கிரேன் ஓட்டுகிறவருக்குப் பாதி நேரம் சரக்கு எங்கே போகிறது என்றே தெரியாது. சுவருக்குப் பின்னால், பள்ளத்துக்குள், கண்ணுக்கு எட்டாத இடத்தில் இறக்க வேண்டியிருக்கும். கீழே இருப்பவன் குரலை நம்பித்தான் இறக்குவார். “இறக்கு, இறக்கு, இறக்கு” என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். என் குரல் நின்றால் அவர் கை நிற்க வேண்டும். நிறுத்து என்று சொல்லக்கூடத் தேவையில்லை. பேட்டரி தீர்ந்திருக்கலாம், நான் மயங்கி விழுந்திருக்கலாம், எதுவானாலும் சத்தம் இல்லையென்றால் கிரேன் நின்றுவிட வேண்டும். முதல் நாள் சொல்லித்தருகிற பாடமே இதுதான்.

நான்காம் தடவை வழி திறந்தது. இரண்டாவது கிரேன் வருகிறது, உள்ளேயே இருக்கிற பழைய ஆள் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று மேலாளர் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னார். பத்து நாளில் டாக்டர் பரிசோதனை. அது முடிந்தால் பயிற்சி, அப்புறம் உரிமம். மாமாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார். அக்கா அடுப்பில் இருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன். நான் மாடியில் ஓர் அறையில் தனியாக இருந்தாலும் சாப்பாடு எப்போதும் அவர்கள் வீட்டில்தான்.

“கடவுளுக்குப் பத்து நாள் கெடு குடுத்திருக்கேன்” என்றார்.

“அவருக்கே கெடுவா?” என்றாள் அக்கா.

“ஆமா. இது எனக்குன்னு நானா ஆசைப்படறேனா, இல்ல நெசமாவே அவர் சொன்னதான்னு இப்ப தெரிஞ்சாகணும். மேல தப்பு நடந்தா கீழ இருக்கறவன் உயிரு போயிடும். அதனால சொல்லிட்டேன். இது என் வழி இல்லேன்னா பத்து நாளுக்குள்ள யார் வாய் வழியாவது ‘வேண்டாம்’னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நான் அப்படியே விட்டுடறேன், ஒரு கேள்வி கேக்க மாட்டேன். யாரும் சொல்லலேன்னா நான் ஏறிடுவேன்.”

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். இந்த மனிதரை என்ன செய்வது என்று அக்கா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு விஷயம் நடந்தது. தண்ணீர்க் குழாயடியில் சின்னக் கண்ணாடியை வைத்து மாமா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். அவருக்கு இடது பக்கம், இரண்டடி பின்னால் நின்று, “மாமா, அந்தச் சோப்பைக் குடுங்க” என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். கத்தியைக் கழுவினார், கன்னத்தை இழுத்துப் பிடித்தார். விளையாட்டுக்குத்தான் அடுத்ததைச் சொன்னேன். “மாமா, வீடு தீப்பிடிச்சிடுச்சு.” அவர் தாடையை நிதானமாக வழித்துக்கொண்டிருந்தார். நான் வலது பக்கமாகச் சுற்றி வந்து அதே குரலில் சோப்பு கேட்டேன். உடனே எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. எல்லோரும் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்று இரண்டு வருடமாக அவர் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். பேருந்தில் எப்போதும் இடது ஓரம் தேடி உட்காருவார். கொக்கி மாட்டுகிற வேலைக்கு வருமுன் எட்டு வருடம், தரைக்குள் இரும்புத் தூண் அடிக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர் அவர். அது அடிக்கிற அடியில் நூறு அடி தள்ளி இருக்கிறவனுக்கே பல் ஆடும். காதுக்குப் பஞ்சுகூடக் கொடுக்காத காலம். போன காது போனது அவருக்கே தெரியவில்லை. தினம் ஒரு துளி போனால் யாருக்குத் தெரியும்?

அக்காவிடம் சொன்னேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் ஈரச் சட்டையைத் தோளில் போட்டபடி அப்படியே நின்றாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “தூங்கறப்ப வலது பக்கம் படுத்தார்னா நான் என்ன பேசினாலும் அவருக்குக் கேக்காது.”

“அப்ப சொல்லிடலாமா அக்கா?”

“நீ சொல்லாத. நானும் சொல்ல மாட்டேன். டாக்டர் எதுக்கு இருக்காரு? காதைப் பாக்கத்தானே இருக்காரு. அவர் வாயால வரட்டும். பதினெட்டு வருஷம் இந்த மனுஷன் தலையைத் தூக்கிப் பாத்துக்கிட்டே இருந்திருக்கார்டா. அதுல மண்ணள்ளிப் போட்டது நாமன்னு இருக்க வேண்டாம்.”

அவள்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவள் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை. இத்தனை வருடம் அவர் ஆசையைக் கிண்டல் செய்தவன் நான். இப்போது போய் வேண்டாம் என்றால் வயிற்றெரிச்சல் என்றுதானே நினைப்பார்? அடுத்த எட்டு நாளும் அவரோடு உட்கார்ந்து டீ குடித்தேன், ஒரே பேருந்தில் போனேன், வந்தேன். மழை, மேலாளரின் மகள் கல்யாணம், புதுக் கிரேனின் நிறம் என்று எல்லாவற்றையும் பேசினேன். நடுநடுவே அவர் என் முகத்தைப் பார்ப்பார். ஏதாவது சொல்லப்போகிறேனா என்று அவர் காத்திருக்கிறாரோ என்று தோன்றும். அவர் எல்லோர் முகத்தையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார், டீக்கடைக்காரர் முகத்தையும் சேர்த்து. ஒன்பதாம் நாள் பேருந்தில் வாயைத் திறந்தேன். “மாமா…” என்றேன். “என்ன மாப்ள?” என்று முழுதாகத் திரும்பினார். “நாளைக்கு நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் போங்க” என்றேன்.

டாக்டர் பரிசோதனை எப்படி நடந்தது என்று மாமா வந்து சொன்னார். கம்பெனிக்கு வழக்கமாக எழுதிக்கொடுக்கிற டாக்டர். சின்ன அறை, மின்விசிறிகூட ஓடவில்லை. டாக்டரின் நாற்காலி நோயாளிக்கு வலது கைப்பக்கம். பெயர் என்ன, வயது என்ன, தலை சுற்றுமா, மூச்சு வாங்குமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இவர் பதில் சொன்னார். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டதால் காது சரி என்று எழுதி முத்திரை குத்திவிட்டார். கண்ணை மட்டும் இரண்டு தடவை பார்த்தாராம்.

“பத்து நாள் முடிஞ்சுபோச்சு” என்றார் மாமா. “ஒருத்தர் வாயிலயும் ‘வேண்டாம்’னு வரலை பாத்தியா.” அக்கா அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

பயிற்சி முடிந்து, உரிமம் வாங்கி, அவர் மேலே ஏறிய முதல் நாள் அக்காவை வேலையிடத்து வாசலுக்கு அழைத்துப் போயிருந்தேன். இருநூற்றுப் பத்துப் படி. ஒரு இடத்திலும் நிற்காமல் ஏறினார். கூண்டுக் கதவு மூடியது, அப்புறம் எங்களுக்குக் கண்ணாடி மட்டும்தான் தெரிந்தது. சாயங்காலம் வந்து, “கையசைச்சேனே, பாத்தியா?” என்று அவளிடம் கேட்டார். “பாத்தேன்” என்றாள். அந்த ஐந்து மாதம் அவரைப் போல ஒரு மனிதன் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நடையே மாறிவிட்டது. கடவுளோடு பேசுவதைக்கூடக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைப்போ என்னவோ.

கீழே வழி சொல்ல என்னைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். “உன் குரல் எனக்குப் பழக்கம்” என்றார். அதில்தான் வினையே இருந்தது. கூண்டுக்குள் ஒலிபெருக்கி இடது பக்கச் சுவரில் இருந்தது. மோட்டார் சத்தத்தில், காற்றில், நான் சொல்கிற பத்து ‘இறக்கு’வில் அவருக்கு நாலோ ஐந்தோதான் கேட்டிருக்கிறது. மிச்சத்தை அவர் மனதாலேயே போட்டுக்கொண்டார். என் தாளம் அவருக்கு அத்துப்படி. சத்தம் விட்டுவிட்டு வந்தால், வாக்கி-டாக்கியில் கோளாறு, மாப்ள பேசிக்கொண்டுதான் இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டார். கேட்காவிட்டாலும் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார், பேசிக்கொண்டுதான் இருக்கிறார் என்று நம்பி நடப்பது அவருக்குப் புதிதா என்ன? வேறு எந்த ஆபரேட்டராக இருந்தாலும் முதல் வாரமே “ஒண்ணும் கேக்கல, ஒலிபெருக்கியை மாத்துங்க” என்று கீழே இறங்கி வந்து சத்தம் போட்டிருப்பான்.

அன்று பள்ளத்துக்குள் கம்பிக்கட்டு இறக்கிக்கொண்டிருந்தோம். காலை பத்தரை மணி. நான் பள்ளத்தின் அடியில். கூண்டிலிருந்து பார்த்தால் நடுவில் சுவர். கட்டின் ஒரு முனை சாரக் குழாயில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் பேச்சை நிறுத்தினேன். நிறுத்தினால் கிரேன் நிற்கும், பதினாறு வருடமாக நின்றிருக்கிறது. அவர் காது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை, டாக்டரே எழுதிக்கொடுத்துவிட்டார், நானும் அதை நம்ப ஆரம்பித்திருந்தேன். மாட்டிய முனையைத் தள்ளிவிடக் கட்டுக்கு அடியில் கால் வைத்தேன். மேலே அவர் இறக்கிக்கொண்டே இருந்தார். வடம் தொய்ந்தது. குழாயிலிருந்து கட்டு நழுவியதை நான் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது.

விசாரணை நடந்த அறைக்கு என்னைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் மாமாவைக் கேட்டார்.

“சத்தம் நின்னா நிறுத்தணும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும் சார்.”

“அப்புறம் ஏன் நிறுத்தல?”

“அவர் பேசிக்கிட்டே இருக்கார்னு நெனச்சேன் சார்.”

“கேட்டுதா?”

“கேட்ட மாதிரிதான் இருந்துச்சு” என்றார் மாமா.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒழுங்காகச் சோதித்தார்கள். இடது காதில் ஒன்றுமே இல்லை, வலதில் பாதி. உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது ஒரு அட்டைப்பெட்டி தொழிற்சாலையில் பெட்டி மடிக்கிறார். காலையில் வேலைக்குப் போகுமுன் என்னைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் போவார். நான் இப்போது அவர்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறேன், மாடிப்படி ஏற முடியாது. கட்டு மாற்றுவது, கழிப்பறைக்குத் தூக்கிப்போவது எல்லாம் அவர்தான். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை, மன்னிப்புக் கேட்டதும் இல்லை. பிரார்த்தனை மட்டும் நின்றுவிட்டது. பல் தேய்க்கும்போது இப்போது தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் வரும். ஒருமுறை, என் முதுகுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே தானாகச் சொன்னார். “பதினெட்டு வருஷம் நான் தனியாத்தான் பேசிக்கிட்டு இருந்திருக்கேன் போல, மாப்ள. பத்து நாள் குடுத்தும் ஒரு வார்த்தை சொல்லலையே. யாருமே இல்ல அங்க.”

எத்தனை வருடம் அவரைக் கிண்டல் செய்தவன் நான், அந்த வார்த்தையைக் கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தானே இருந்திருக்க வேண்டும்? சந்தோஷம் வரவில்லை. ஒரு மாதம் தாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அவர் என் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவரை வலது பக்கம் வந்து உட்காரச் சொன்னேன். ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக்கூடாது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

“மாமா, உங்க காது போனது எனக்கு முன்னாலயே தெரியும். நீங்க முகம் வழிச்சுக்கிட்டிருந்தப்ப தெரிஞ்சுது. வேண்டாம்னு சொல்லணும்னு அன்னிக்கே எனக்குத் தோணுச்சு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லல. நான் பயந்தாங்கொள்ளி. சொல்லியிருந்தா என் காலும் இருந்திருக்கும், நீங்களும் நல்லா இருந்திருப்பீங்க.”

அக்காவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் துணிச்சுருளைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

“அது என்னிக்கு?” என்றார்.

“எது மாமா?”

“உனக்குத் தோணுச்சுன்னியே. அது எத்தனாவது நாளு?”

“ரெண்டாவது நாள்.”

“ரெண்டாவது நாளேவா?” என்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை, கூண்டில் ஏறிய அன்றுகூட. “அப்ப அவர் சொல்லத்தான் செஞ்சிருக்காரு. கேட்ட மறுநாளே சொல்லியிருக்காரு, மாப்ள. நான்தான் யாருமே இல்லன்னு நெனச்சுட்டேன்.”

என் காலைக் கீழே மெதுவாக வைத்தார். கட்டு பாதியில் நின்றது. எழுந்து சமையலறை வாசலுக்கு ஓடினார். என் கால், என் துரோகம், அவருடைய உரிமம் எதுவும் அவர் நினைவில் இல்லை. மன்னிக்கிறேன் என்று சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

“கேட்டியா? அவர் பேசியிருக்காரு!” என்று சின்னப் பிள்ளை மாதிரி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “தம்பிகிட்ட சொல்லி அனுப்பியிருக்காரு. இவன்தான் பயந்துட்டான். இவன்கிட்ட மட்டும் சொல்லாம இன்னொருத்தர்கிட்டயும் சொல்லியிருந்தார்னா, அவங்களாவது என்கிட்ட வந்து சொல்லியிருப்பாங்க. இல்ல?”

நறுக்குகிற சத்தம் நின்றது. அக்கா பதில் சொன்னாளா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். அவள் ஒன்றும் சொல்லவில்லை.